கூட்டிக் கொடுத்தும் ஏன் குறைகிறது?

யாழ்ப்பாணத்து நீர்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். சாரம் இதுதான்:

“எங்களிட்டை ஒரு ஜேர்சிக் கலப்பு மாடு நிக்குது. கண்டு போட்டு மூண்டு மாதம். ஆறு லீற்றர் கறந்தது, பால் கறக்கிற ஆள் மாறினதிலையிருந்து நாலுக்கு வந்திட்டுது. தவிடு கூட்டிப் பாத்தன், இன்னும் குறைஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரர் ஊசி போடச் சொல்லுறார். முந்திரிகையை வைகாசி நடுவிலை வெட்டிப்போட்டு யூரியாவும் தண்ணியும் தாராளமாய்க் குடுத்தன். ஆனி முடியப்போகுது, இலை செழிச்சு நிக்குது, குலை இல்லை. மேல்தொட்டி மோட்டர் நிமிசத்துக்கொருக்கா விட்டு விட்டு ஓடுது. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகனை ஏசி ஏசியே தொண்டை போச்சு, ஃபோனை விடுறானில்லை. உயர்தரத்திலை உயிரியல் படிக்கிற மகள் சொல்லுறாள், ‘அம்மா, இது நாலும் ஒண்டுதான், தூண்டலும் துலங்கலும்’ எண்டு. அப்பிடியெண்டால் நான் தூண்டலைக் கூட்டக் கூட்ட ஏன் துலங்கல் குறையுது?”

மகள் சொன்னது பெரும்பாலும் சரி. தூண்டல் என்பது நாங்கள் கொடுப்பது, துலங்கல் என்பது அதற்குப் பதிலாக வருவது. எங்கே சரியில்லை என்பதை மகனிடம் வரும்போது பார்ப்போம். உங்கள் கேள்விக்கு நேரே வருகிறேன். தொட்டியைத் தவிர மற்ற மூன்று இடத்திலும் நீங்கள் கூட்டியது அளவை. நாலு இடத்திலும் கோளாறு இருப்பது வேறெங்கோ. மாட்டில் அது நேரத்தில் இருக்கிறது. கொடியில், வெட்டும்போது மொட்டு இருந்த நிலையில். தொட்டியில் இரண்டு எல்லைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தில். மகனிடம் துலங்கலுக்குப் பிறகு நடப்பதில்.

வைக்கோற்போரில் ஒரு நெருப்புப்பொறி விழுகிறது. போர் எரிந்து போவது வைக்கோல் காய்ந்திருந்தபடியால். ஈர வைக்கோலில் பந்தத்தையே செருகினாலும் புகைதான் வரும். தூண்டலுக்கும் துலங்கலுக்கும் உள்ள உறவு இந்த மாதிரியானது: துலங்கலுக்கு வேண்டிய சரக்கு முழுக்கத் துலங்குபவரிடம் இருக்கிறது. மகளின் பாடத்தில் வரும் நரம்பிழையையே எடுங்கள். தூண்டல் ஒரு தொடக்க அளவைத் தாண்டினால் கணத்தாக்கம் (இழை வழியே ஓடும் மின்துடிப்பு) முழுதாகப் போகும், தாண்டாவிட்டால் ஒன்றும் போகாது. தாண்டிய பிறகு தூண்டலை இரட்டித்தாலும் கணத்தாக்கம் பெரிதாகாது. செக்கனுக்கு எத்தனை என்ற எண்ணிக்கைதான் கூடும். அதற்கும் ஓர் உச்சம் உண்டு, ஏனென்றால் ஒரு கணத்தாக்கம் போனபின் ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனுக்கு அந்த இழை எதற்கும் அசையாது. இதைத் தனி இழைகளில் 1920களில் அளந்து காட்டிய எட்கார் ஏட்ரியன், 1932 இல் ஷெரிங்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உச்சத்தைத் தொட்டுவிட்ட ஒன்றுக்குத் தூண்டலைக் கூட்டுவதால் உங்களுக்குத்தான் செலவு.

மாட்டிலிருந்து தொடங்குவோம். அங்கேதான் நாளாந்தம் காசு போகிறது.

மடியில் பால் இரண்டு இடத்தில் நிற்கிறது. காம்புக்கு மேலேயுள்ள குழியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காம்பைப் பிடித்தவுடனேயே அது வரும். மிச்சம் மேலே சிற்றறைகளில் நிற்கிறது. எவ்வளவு கைப்பலம் உள்ளவராலும் அதைப் பிழிந்து இறக்க முடியாது, மாடுதான் இறக்க வேண்டும். காம்பில் பட்ட தொடுகை நரம்பு வழியே மூளையின் பரிவகக்கீழுக்குப் போகிறது. கபச்சுரப்பியின் பிற்பகுதியிலிருந்து ஒட்சிரோசின் என்ற ஓமோன் குருதியில் இறங்குகிறது. அது மடிக்கு வந்து, சிற்றறைகளைச் சுற்றியிருக்கும் கலங்களைச் சுருக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. போகிற வழி நரம்பு, வருகிற வழி குருதி, அதனால் தாமதம். தொட்டதிலிருந்து பால் இறங்க ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் எடுக்கும். இறங்கிய பின் ஒட்சிரோசின் வேலை செய்வது ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைதான்.

இப்போது புதிய ஆள் கறக்கும்போது ஒரு மணிக்கூட்டை வைத்துக்கொண்டு கொட்டிலுக்கு வெளியே நில்லுங்கள். மடி கழுவியது எத்தனை மணிக்கு, வாளியோடு குந்தியது எத்தனை மணிக்கு, கடைசிப் பீச்சல் எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் எழுதுங்கள். வழக்கமாகக் காணக்கூடியது இது: மடியைக் கழுவிவிட்டு, வாளி எடுக்கக் குசினிப்பக்கம் போய், இரண்டு கதை கதைத்து, கன்றை இழுத்துக் கட்டிவிட்டு வந்து குந்த ஐந்து நிமிடம் போய்விடும். தூண்டல் கொடுத்தாயிற்று, துலங்கல் வந்து முடியும் நேரத்தில்தான் கை காம்புக்கு வருகிறது. இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: கழுவாமலே குந்தி, குழியில் நின்ற பாலைக் கறந்து, அது முடிந்த இடத்தில் “பால் வத்திப்போச்சு” என்று எழும்புவது.

மாடு பாலை அடக்குகிறதா, அல்லது பாலே ஊறவில்லையா என்று முதலில் பிரித்தறியுங்கள், இரண்டுக்கும் மருந்து வேறு. கறந்து முடிந்தவுடன் கன்றை விடுங்கள். கன்று முட்டி முட்டி இரண்டு மூன்று நிமிடம் குடித்து, வாயில் நுரை கட்டி, மடி கண்ணுக்குத் தெரியச் சுருங்கினால் பால் உள்ளேதான் இருந்தது. கன்று சும்மா சப்பிவிட்டு விலகினால் ஊறுவதே குறைவு. அப்போது தீனி, தண்ணீர், மடியழற்சி என்ற பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆள் மாறிய நாளோடு பால் இறங்கியதால் முதலாவது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

செய்யவேண்டியது இது. கறப்பதற்கு வேண்டிய எல்லாமும் மாட்டுக்குப் பக்கத்தில் வந்தபிறகே மடியில் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று நாலு பீச்சலைக் கறுப்பு நிறத் தட்டில் அல்லது கறுப்புத் துணி கட்டிய கோப்பையில் எடுத்துப் பாருங்கள். திரளையோ தண்ணீர்த்தன்மையோ தெரிந்தால் மடியழற்சி. அந்தக் காம்பைக் கடைசியாகக் கறந்து, பாலை வேறாக வைத்து, மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். பிறகு கழுவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈர மடியில் கறந்தால் அழுக்குத் தண்ணீர் வழிந்து வாளிக்குள் போகும், காம்பும் வெடிக்கும். பீச்சிப் பார்ப்பது, கழுவுவது, துடைப்பது எல்லாமாகக் காம்புக்குப் பதினைந்து இருபது செக்கன் தொடுகை கிடைத்தால் போதும். முதல் தொடுகையிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் கறவை தொடங்க வேண்டும். நடுவில் எழும்பாமல் ஏழு எட்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கன்று விட்டுக் கறப்பதானால் கன்றுதான் உங்கள் தூண்டல். அதை இழுத்துக் கட்டியவுடன் கறக்க வேண்டும்.

இந்தத் துலங்கலை வெட்டிவிடக்கூடிய ஒன்று இருக்கிறது: பயம். மாடு வெருண்டால் அதிரனலின் என்ற ஓமோன் சுரக்கும். அது மடிக்குப் போகும் குருதியைக் குறைக்கும், ஒட்சிரோசினை வேலை செய்யவிடாமலும் தடுக்கும். இது அரை மணித்தியாலம் வரைகூட இழுபடலாம். ஒரு அடி, ஒரு அதட்டல், கொட்டிலுக்குள் வந்த நாய், பக்கத்தில் திடீரென்று ஸ்ரார்ட் பண்ணிய மோட்டார் சைக்கிள், எது நடந்தாலும் அன்றைய கறவை முடிந்தது. ஆளுக்கு மாட்டோடு பழக்கமில்லாவிட்டால் முதல் ஒரு கிழமை நீங்கள் பக்கத்தில் நின்று, மாடு தெரிந்த குரலில் கதையுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

பழைய ஆளிடம் மாடு பால் இறக்கியதற்கு அவருடைய கைராசி மட்டும் காரணமில்லை. அவர் வாளியை வைக்கும் சத்தம், தவிடு குழைக்கும் மணம், அவர் வரும் நேரம் எல்லாமே மாட்டுக்கு அடையாளங்களாகிவிட்டன. காம்பைத் தொடமுதலே சில மாடுகளுக்குப் பால் ஒழுகும். ரஷ்ய உடலியலாளர் பவ்லோவ் நாய்களில் கண்டது இதைத்தான். உணவுக்கு முன் திரும்பத் திரும்ப ஒரு ஒலி கேட்டால், பிறகு ஒலிக்கே எச்சில் ஊறும். (எல்லாரும் மணி என்றுதான் சொல்வார்கள், அவருடைய ஆய்வுகூடத்தில் சீராகத் தட்டும் தாளமானியும் நிறையவே பயன்பட்டது. அவருக்கு 1904 இல் நோபல் பரிசு கிடைத்தது சமிபாடு பற்றிய வேலைக்காக.) ஆள் மாறியபோது அடையாளங்களும் போய்விட்டன. புதிய அடையாளங்களைக் கட்ட ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஒழுங்கு வேண்டும். மடி கழுவமுதல் ஒரு பிடி தவிடு, ஒவ்வொரு நாளும் அதே சட்டியில். பத்து நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் வித்தியாசம் தெரியவேண்டும்.

ஊசி வேண்டாம். மிருக வைத்தியர் ஒரு தேவைக்கு ஒரு தரம் போடுவது வேறு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது தினமும் போடுவதை. வெளியிலிருந்து தொடர்ந்து ஒட்சிரோசின் ஏற்றிய மாடு தன்னுடைய ஒட்சிரோசினுக்குச் சரியாகத் துலங்காமல் போய்விடும். பிறகு ஊசி இல்லாமல் பால் இல்லை.

தவிடு கூட்டியதும் பால் குறைந்ததற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். ஒன்று, இறங்காமல் மடியில் தங்கிய பால் தானே “இனி ஊறாதே” என்று மடிக்குச் சொல்கிறது. மடி நிறைந்து நின்றால் சுரப்பு குறையும். மற்றது இரைப்பை. திடீரென்று தவிட்டைக் கூட்டினால் அசைபோடும் இரைப்பையில் அமிலம் கூடி, மாடு தீனியை வெறுக்கும், சாணம் இளகும், பாலில் கொழுப்புக் குறையும். அடர்தீனியை மாற்றுவதானால் இரண்டு மூன்று நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டாம். நாலு லீற்றர் கறக்கும் மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்குமாக இரண்டு கிலோவுக்குக் கிட்ட இருந்தால் கறவைக்குப் போதும். மிச்ச வயிறு கிழித்த பனையோலை, சீமைக்கிளுவை, பூவரசங்குழை, வைக்கோல் என்று நாரால் நிரம்ப வேண்டும். தண்ணீர் எந்நேரமும் முன்னுக்கு நிற்கட்டும். இந்தச் சோளகக் காலத்து வெக்கைக்குக் கறவை மாடு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது லீற்றர் குடிக்கும். இரண்டு வாளி வைத்துவிட்டு ஆறு லீற்றர் பாலை எதிர்பார்க்க முடியாது.

ஆறு லீற்றர் அப்படியே திரும்பும் என்று எழுதித் தரமாட்டேன். சில கிழமை நிறைந்து நின்ற மடி முழுதாக மீளாது. ஐந்தரைக்கு வந்தால் திருப்திப்படுங்கள், அடுத்த ஈற்றில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

முந்திரிகைக்கு வருவோம். இங்கே தூண்டல் கத்தரிக்கோல். குளிர் நாட்டில் குளிர்காலம் வந்து கொடியை இலையுதிர்த்து உறங்க வைக்கும். யாழ்ப்பாணத்தில் அது கிடையாது. வெட்டாவிட்டால் நுனி மொட்டுத்தான் வளர்ந்துகொண்டே போகும், கீழ்மொட்டுகளை அது அடக்கி வைத்திருக்கும். நுனியை வெட்ட அடக்கம் நீங்குகிறது, கீழ்மொட்டுகள் வெடிக்கின்றன. உங்கள் பந்தலில் மொட்டு வெடித்தது, தளிர் வந்தது. ஆகவே தூண்டலும் சரி, துலங்கலும் வந்தது. குலைதான் வரவில்லை.

குலை ஏன் வரவில்லை என்பதற்கான விடை வைகாசியில் இல்லை, அதற்கு முந்தின போகத்தில் இருக்கிறது. ஒரு தளிர் முளைத்து முதல் ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள், அதன் ஒவ்வொரு கணுவிலும் அடுத்த போகத்துக்கான மொட்டு உருவாகிவிடும். அந்த மொட்டுக்குள் ஒரு சின்ன முளை இருக்கும். அது பூங்குலையாகவும் ஆகலாம், கொடி பற்றிப் படரும் சுருள்கம்பியாகவும் ஆகலாம். இரண்டும் ஒரே முளையின் இரண்டு முடிவுகள். வெயில் நன்றாகப் பட்ட மொட்டில் குலை. நிழலில் கிடந்த மொட்டில் சுருள்கம்பி அல்லது வெறும் இலை. நீங்கள் கத்தரிக்கோல் எடுத்த அன்றே அந்தக் கணக்கு எழுதி முடிந்திருந்தது. அதற்குப் பிறகு கொடுத்த யூரியாவும் தண்ணீரும் செய்தது ஒரே வேலை: இலையைப் பெருக்கி, பந்தலை மூடி, அடுத்த போகத்து மொட்டுகளையும் இருட்டுக்குள் தள்ளியது.

ஆனால் நீங்கள் ஆனியிலேயே எழுதிவிட்டது நல்லதாயிற்று. வைகாசி நடுவில் வெட்டியதென்றால் தளிர்களுக்கு இப்போது ஏறத்தாழ ஒரு மாதம். மொட்டுகள் இன்னும் முடிவெடுத்து முடியவில்லை. இந்தக் கிழமையே யூரியாவை நிறுத்துங்கள். பந்தலுக்குக் கீழே நடுமத்தியானம் நின்று நிலத்தைப் பாருங்கள்; வெயில் புள்ளி புள்ளியாக விழவேண்டும். நிலம் முழு நிழலாக இருந்தால் ஒன்றன்மேலொன்று போன தளிர்களில் மெல்லியதை அடியோடு எடுங்கள். பக்கத்தளிர்களைக் கிள்ளி, நின்ற தளிர்களை ஒரு சாண் இடைவெளியில் பந்தற்கம்பியில் பரப்பிக் கட்டுங்கள். பதினைந்து இலையளவில் நுனியைக் கிள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். இவ்வளவு நாள் நிழலில் இருந்த இலை திடீரென்று வெயிலில் கருகும்.

அடுத்த வெட்டு எப்போது? வெட்டியதிலிருந்து பழம் எடுக்கச் சுமார் மூன்றரை மாதம் என்று வைத்து, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குள் பூவும் பழமும் மாட்டுப்படாமல் பின்னோக்கி எண்ணுங்கள். மழைக்குள் போனால் குலை வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். மாரி ஓய்ந்து தை கடைசியில் வெட்டுவதுதான் உங்களுக்குப் பொருத்தம். அதற்கு இரண்டு கிழமை முதலே தண்ணீரைக் குறைத்து, கொடியின் ஓட்டத்தை அடக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கொடியை வெட்டினால் மொட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட நேரத்தில் வெடிக்கும். பென்சில் தடிப்பில், மண்ணிறமாக முற்றிய கொடிகளை மட்டும் வைத்திருங்கள்; பச்சையானதையும் மெல்லியதையும் முழுக்க எடுங்கள். எத்தனை கணு விட்டு வெட்டுவது என்று ஆளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்வார்கள். அதைவிட உங்கள் கொடியையே கேட்கலாம்: குலை வந்த போகத்தில் அது எத்தனையாவது கணுத் தளிரில் வந்தது என்று நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நாலாவதில் வந்திருந்தால் இரண்டு கணு விட்டு வெட்டுவது குலையை வெட்டிக் குப்பையில் போடுவதுதான். இம்முறை அந்த அடையாளம் இல்லாதபடியால் ஒரு பாதியை நாலு கணுவிலும் மறு பாதியை ஆறிலும் வெட்டி, வந்ததை எழுதி வையுங்கள். யூரியாவைவிட அந்தக் கொப்பி உதவும்.

மேல்தொட்டி விசயம் சின்னது. தொட்டிக்குள் நூலில் இரண்டு குண்டு தொங்குகிறதல்லவா? கீழ்க்குண்டுக்கும் கீழே தண்ணீர் இறங்கினால் இரண்டின் பாரமும் சேர்ந்து ஆளியை இழுத்து மோட்டரை ஓடவிடும். மேல்க்குண்டைத் தண்ணீர் தூக்கினால் நிற்பாட்டும். இரண்டும் கிட்டக் கிட்டக் கட்டுப்பட்டிருந்தால் ஒரு வாளி எடுத்தாலே மோட்டர் ஓடும், அரை நிமிடத்தில் நிற்கும். நூல் எப்போதாவது அறுந்து திரும்பக் கட்டப்பட்டிருக்க வேண்டும். முதலில் மோட்டருக்குப் போகும் மின்னை நிற்பாட்டுங்கள். மேல்க்குண்டு வழிகுழாய்க்கு நாலு அங்குலம் கீழே வரட்டும். ஆயிரம் லீற்றர் தொட்டியானால் இரண்டுக்கும் இடையில் இரண்டரை அடி விட்டு முடிச்சிறுக்குங்கள். ஒவ்வொரு தரமும் ஓடத் தொடங்கும்போது மோட்டர் ஓடும் நேரத்தைப்போல ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். நிமிடத்துக்கொரு தரம் அப்படி இழுத்தால் கெப்பாசிட்டர் முதலில் போகும், பிறகு சுருள் கருகும். குளிர்சாதனப் பெட்டி முதல் எங்கள் உடல் வரை, ஓடு என்ற எல்லையும் நில் என்ற எல்லையும் ஒட்டி நின்றால் ஓயாத துடிப்புத்தான் மிஞ்சும்.

மோட்டர் என்றதால் கிணற்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். வலிகாமத்துச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புமாக நிற்பதை உங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு அடி நன்னீருக்கும் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். அதனால் மேல்மட்டத்தை ஒரு அடி நிரந்தரமாக இறக்கினால் உப்பு எல்லை நாற்பது அடி ஏறப் பார்க்கும். இந்தத் துலங்கல் அன்றைக்கே வராது, மாதக்கணக்கில் பிந்தி வரும். வந்தபிறகு மோட்டரை நிற்பாட்டினாலும் உடனே திரும்பாது. பிந்தி வரும் துலங்கல்கள்தான் ஆபத்தானவை, ஏனென்றால் இடைப்பட்ட காலத்தில் “ஒண்டும் நடக்கேல்லையே” என்று நாங்கள் தூண்டலைக் கூட்டிக்கொண்டே இருப்போம். ஒரே மூச்சில் நாலு மணித்தியாலம் இறைப்பதைவிட, காலையும் பின்னேரமுமாகப் பிரித்து, கிணறு ஊற நேரம் விட்டு இறையுங்கள். மூக்கடைப்புக்கு விடும் துளிமருந்திலும் இந்தப் பொறி உண்டு: ஐந்து நாளைத் தாண்டி விட்டால் மருந்தே அடைப்பைக் கொண்டுவரும், ஆள் இன்னும் இரண்டு துளி விடுவார்.

இனி மகன். உங்கள் ஏச்சு வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கவனித்துப் பாருங்கள், வேலை செய்கிறது, ஆனால் பத்து நிமிடத்துக்கு. ஏசினால் புத்தகத்தைத் தூக்குகிறான், உங்களுக்கு மனம் ஆறுகிறது, ஏச்சு நிற்கிறது, புத்தகமும் மூடுகிறது. உளவியலாளர் தோண்டைக் 1898 இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்துப் பார்த்தது இதைத்தான். எந்தச் செயலுக்குப் பின்னால் நிம்மதி வருகிறதோ அந்தச் செயல் திரும்ப வரும். இங்கே உடனடி நிம்மதி கிடைப்பது உங்களுக்கு. அந்த ஏச்சு மகனைவிட உங்களைத்தான் பழக்கியிருக்கிறது.

சத்தத்தைக் கூட்டுவதிலும் பயனில்லை. புலனுணர்வை ஆராய்ந்த வேபர் 1834 இலேயே காட்டியது: கையில் நாற்பது அவுன்ஸ் இருந்தால் ஒரு அவுன்ஸ் கூட்டினால்தான் வித்தியாசம் தெரியும்; எண்பது இருந்தால் இரண்டு வேண்டும். வித்தியாசம் விகிதத்தில்தான் உறைக்கும். நாள் முழுக்கச் சத்தமாக இருக்கும் வீட்டில் இன்னும் சத்தம் போட்டால் யாருக்கும் கேட்காது. மெதுவாக ஒரு தரம் சொல்லிவிட்டு நிற்பாட்டும் தாய்க்கு அந்த ஒரு தரம் போதும்.

ஃபோன் ஏன் வெல்கிறது? சோதனைப் பெறுபேறு ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. ஃபோன் கொடுப்பது இரண்டு செக்கனில், அதுவும் சில நேரம் மட்டும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக உளவியலாளர் ஸ்கின்னரின் புறாக்கள் அலுக்காமல் கொத்திக்கொண்டே இருந்தன. பரிசை நிற்பாட்டிய பிறகும் நெடுநேரம் கொத்தின. நீங்கள் ஃபோனைப் பறித்து, அவன் முகத்தைத் தூக்கி வைத்திருக்க, சில நாள் மனமிரங்கிக் கொடுத்து, சில நாள் கொடுக்காமல் விட்டால், முகத்தைத் தூக்குவதற்கும் அதே பயிற்சியைத்தான் கொடுக்கிறீர்கள்.

ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை வீட்டிலுள்ள எல்லா ஃபோனும் குசினித் தட்டில் இருக்கட்டும், உங்களுடையதும் தகப்பனுடையதும் சேர்த்து. படிக்கும் மேசையில் சாப்பிடவோ விளையாடவோ வேண்டாம். அந்தக் கதிரையில் குந்தினால் படிப்பு என்று இருக்கட்டும். தொடக்கம் பத்து நிமிடத்தில் முடியக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும், தெரிந்த கணக்கு இரண்டு. நாற்பது நிமிடம் முடிந்தால் பதினைந்து நிமிடம் அவனுடைய நேரம், கேள்வி இல்லாமல், அன்றைக்கே. முதல் நாலைந்து நாள் நிலைமை முன்னையதைவிட மோசமாகும். சண்டை, சாப்பிடாமல் இருப்பது எல்லாம் வரும். நாலாம் நாள் விட்டுக்கொடுத்தால், நாலு நாள் சண்டை பிடித்தால் கிடைக்கும் என்பதுதான் அவன் படித்த பாடம். தாங்க முடியாது என்று தெரிந்தால் தொடங்கவே வேண்டாம்.

மகள் சொன்னது இங்கேதான் பொருந்தாமல் போகிறது. தொட்டிக்குண்டுக்கும் முந்திரிகை மொட்டுக்கும் நீங்கள் செய்வதன் அர்த்தம் தெரியாது, மகனுக்குத் தெரியும். “அம்மா என்னை நம்பேல்லை” என்று அவன் விளங்கிக்கொண்டால் மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் வெறும் தண்டனை. எட்டாம் வகுப்பில் எங்கோ கணிதம் விட்டுப்போய், மேசையில் குந்துவதே அவமானமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் விட்டு ரியூசன், ரியூசன் விட்டு வீடு என்று ஆறு மணிக்கு வருபவனுக்கு உடனே புத்தகத்தை நீட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். அந்த வயதுக்கு இரவில் எட்டு முதல் பத்து மணித்தியாலம் நித்திரை வேண்டும். அது இல்லாதவனிடம் எந்தத் தூண்டலும் ஈர வைக்கோலில் பந்தம்தான்.

மகளுக்கு ஒன்று. தொட்டாச்சுருங்கி இரண்டைச் சின்னச் சாடிகளில் வைத்து, ஒரு கிழமை வெளிச்சத்தில் பழக விடட்டும். ஒன்றை ஆறு அங்குல உயரத்திலிருந்து தடித்த பஞ்சுமெத்தைத் துண்டின்மேல் விழவிட வேண்டும், ஐந்து செக்கனுக்கொரு தரம், அறுபது தரம். முதலில் இலை மூடும். போகப்போக, விழுந்துகொண்டிருக்கும்போதே திறக்கத் தொடங்கும். செடி களைத்துவிட்டதா, அல்லது இந்த விழுகையைப் பொருட்படுத்தாமல் விட்டதா? உடனே சாடியைப் பிடித்துக் குலுக்கிப் பார்க்கட்டும். மூடினால் களைப்பு இல்லை. மற்றச் சாடியை அசைக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும், காலை பத்து மணியளவில் செய்ய வேண்டும். பின்னேரம் செய்தால் வெளிச்சம் குறைந்து தானாக மூடிய இலையையும் துலங்கல் என்று கொப்பியில் எழுதிவிடுவாள்.